குழந்தை ஒண்ணுக்குப் போக அழுதால் அது சூடுதானா?

பீனிக்ஸ் அம்மா | 10 பிப்ரவரி 2025, மாலை 6:20

நாலு வயசுப் பெண் குழந்தை. ரெண்டு நாளா ஒண்ணுக்கு எரியுதுன்னு காலை இறுக்கிக்கிட்டு நிற்கிறா. காய்ச்சல் இல்லை. ஆயா, டர்பன் வெயிலுக்கு உடம்புச் சூடு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, பார்லித் தண்ணி கொடு என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சிட்ரோ-சோடா கொடு என்கிறார். இது சூடுதானா, கிளினிக் போகணுமா? பையன்களுக்கும் இப்படித்தான் வருமா?

வார்டு சிஸ்டர் | 10 பிப்ரவரி, இரவு 8:05

எரிச்சலுக்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் பெயர்தான் சூடு. அந்த ஒரு பெயருக்குள் மூத்திரத் தொற்று, வெளித்தோல் சிவப்பு, கீரிப்பூச்சி, மலச்சிக்கல், பள்ளியில் அடக்கி வைப்பது என்று பல சங்கதிகள் அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்க வைத்து, பாதங்கள் இரண்டையும் சேர்த்து முழங்காலை விரித்தால் எல்லாம் தெரியும். வெளி உதடுகள் சிவந்து, தொட்டால் எரிகிறது என்றால் மூத்திரம் அந்தத் தோலில் படும்போதுதான் வலி. சோப்பு, நுரைக் குளியல், மஞ்சள் பூசுவது, ஈர நீச்சலுடையோடு உட்கார்ந்திருப்பது, இறுக்கமான நைலான் ஜட்டி, இவைதான் வழக்கமான காரணங்கள். சோப்பை நிறுத்துங்கள். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் உட்கார வையுங்கள், ஒற்றித் துடையுங்கள், வாசலின் மெல்லிசாகத் தடவுங்கள். தளர்ந்த பருத்தி ஜட்டி. ராத்திரி ஜட்டியே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தெளிய வேண்டும்.

தோல் சாதாரணமாக இருந்து, அடிக்கடி போகிறாள், சொட்டுச் சொட்டாக வருகிறது, அடி வயிறு வலிக்கிறது, ஜட்டியில் திடீரென்று நனைக்கிறாள் என்றால் மூத்திரத் தொற்றை நினைக்க வேண்டும். எப்படி இருந்தாலும் நாளைக்குக் கிளினிக்கில் ஒரு பரிசோதனை பண்ணிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 6 வயதுக்குக் கீழே அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். வளர்ச்சியும் தடுப்பூசியும் குறிக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துப் போங்கள்.

நாளை வரை காத்திருக்கக் கூடாதவை: 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், முதுகு விலாவில் வலி, வாந்தி, குழந்தை துவண்டு போவது. 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரி. அந்த வயதில் எரிச்சல் என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல், பால் குடிக்காமை, வாந்தி, இரண்டு வாரம் தாண்டியும் விடாத மஞ்சள் காமாலை, இவையே மூத்திரத் தொற்றின் முகம்.

பார்லித் தண்ணீர் தவறில்லை, தண்ணீர்தானே. சர்க்கரை கொட்டாதீர்கள். தொப்புள் எண்ணெய் கெடுதல் செய்யாது, கிருமியையும் தொடாது. சிட்ரோ-சோடா மூத்திரத்தின் புளிப்பைக் குறைப்பதால் எரிச்சல் கொஞ்சம் தணியலாம். ஆனால் கிருமி சாவதில்லை, அதில் சோடியம் வேறு. சில தொற்று மருந்துகள், நைட்ரோஃபுரான்டாயின் மாதிரி, புளிப்புக் குறைந்த மூத்திரத்தில் சரியாக வேலை செய்யாது. நாலு வயசுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

பரிசோதனை மேசை | 10 பிப்ரவரி, இரவு 9:40

மாதிரி எடுக்கும் விதம் தவறினால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

1. மருந்து கொடுப்பதற்கு முன் மாதிரி. ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கிருமி வளராமல் போகலாம்.

2. நாலு வயசுக்காரியைக் கமோடில் காலை அகல விரித்து உட்கார வைத்து, தண்ணீரில் நனைத்த பஞ்சால் முன்னிருந்து பின்னாகத் துடைக்கவும். முதல் நீர் போகட்டும், நடுவில் வருவதைப் பிடிக்கவும். டப்பியின் உள்பக்கத்தை விரலால் தொடக் கூடாது. ஜாம் பாட்டிலில் கொண்டு வராதீர்கள்.

3. ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். பிப்ரவரி வெயிலில் காரில் வைத்த டப்பியில் இரண்டு கிருமி இருந்தாலும் மதியத்துக்குள் படை ஆகிவிடும். பிறகு முடிவைப் பார்த்துக் குழந்தைக்குத் தேவையில்லாத மருந்து.

4. உள்ளே வெள்ளைத் தூள் உள்ள குழாய் கொடுத்தால் அது போரிக் அமிலம். கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் தூள் அடர்த்தியாகி கிருமியை அமுக்கிவிடும். தொற்று இருந்தும் இல்லை என்று வரும்.

5. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் குச்சிப் பரிசோதனையில், கிருமி உண்டாக்கும் நைட்ரைட் தெரிவதற்குச் சிறுநீர் மூத்திரப்பையில் சுமார் 4 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். அதனால் காலை முதல் சிறுநீர் நல்லது. கைக்குழந்தை மணிக்கொரு தரம் போகும், நைட்ரைட் இல்லை என்று வந்தாலும் தொற்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. குச்சியில் வெள்ளணுவைக் காட்டும் கட்டத்தைச் சரியாக 2 நிமிடத்தில் படிக்க வேண்டும். 5 நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாமே ஊதாவாகத் தெரியும்.

பீனிக்ஸ் அம்மா | 11 பிப்ரவரி, காலை 6:10

கைக்குழந்தைக்கு எப்படிப் பிடிப்பது? ஒட்டுகிற பை கொடுப்பார்களே?

பரிசோதனை மேசை | 11 பிப்ரவரி, காலை 7:00

ஒட்டும் பையில் தோலின் கிருமியும் மலத்தின் கிருமியும் கலந்துவிடும். பையில் எடுத்தது சுத்தம் என்று வந்தால் நம்பலாம். தொற்று என்று வந்தால் நம்பக் கூடாது, வேறு வழியில் மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சலோடு துவண்டிருக்கும் குழந்தைக்குக் குழாய் விட்டோ ஊசியாலோ எடுப்பதுதான் சரி. பெற்றோர் பயந்து வேண்டாம் என்கிறார்கள். அந்த ஒரு நிமிட அழுகை, தவறான முடிவால் வரும் பத்து நாள் மருந்தைவிட மேல்.

வார்டு சிஸ்டர் | 11 பிப்ரவரி, காலை 7:35

அவசரம் இல்லாத குழந்தைக்கு இரண்டு தந்திரம் உண்டு. பால் கொடுத்து 20, 25 நிமிடம் கழித்து அடி வயிற்றில், தொப்புளுக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் வட்டமாகத் தேய்க்கவும். 2017-ல் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது 5 நிமிடத்துக்குள் பெய்த குழந்தைகள் 31 சதவீதம். சும்மா காத்திருந்தவர்களில் 12. இரண்டாவது, பிறந்து சில நாளான சிசுவுக்கு: ஒருவர் கக்கத்தில் பிடித்துத் தொங்கவிட, இன்னொருவர் அடி வயிற்றில் விரல் நுனியால் நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் 30 வினாடி தட்டுவது, பிறகு இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் 30 வினாடி வட்டமாக அழுத்துவது, மாறி மாறி. டப்பியைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பையன் என்றால் உங்கள் முகத்துக்கு நேராகத்தான் வரும், எதிரே குனிந்து நிற்காதீர்கள்.

பீனிக்ஸ் அம்மா | 13 பிப்ரவரி, இரவு 8:30

கிளினிக் போனோம். குச்சியில் ஒன்றும் இல்லை, தோலும் சிவப்பு இல்லை. மலம் நாலு நாளாகப் போகவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு மருந்து கொடுத்தார்கள். ஒண்ணுக்கு எரிவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வார்டு சிஸ்டர் | 13 பிப்ரவரி, இரவு 10:15

நிறையச் சம்பந்தம். இதை எழுத வேண்டும் என்றே இருந்தேன்.

மலக்குடலும் மூத்திரப்பையும் இடுப்புக்குள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. மலம் கட்டிக் குடல் பெருத்தால் பையைப் பின்னாலிருந்து நெருக்கும். பை முழுக்க நிரம்பாது, முழுக்கக் காலியாகவும் ஆகாது. மிச்சம் நின்ற மூத்திரத்தில் கிருமி வளரும். அடிக்கடி தொற்று வரும் பெண் குழந்தைக்குத் தொற்று மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்து மலச்சிக்கலைக் கேட்காமல் விட்டால் அது முடியாத கதை. தினமும் போகிறாள் என்று அம்மா சொன்னாலும் போதாது. உருண்டை உருண்டையாக ஆட்டுப் புழுக்கை மாதிரி போகிறாளா, கமோடை அடைக்கிற அளவுக்குப் பெரிதாகப் போகிறாளா, ஜட்டியில் கறை இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

உட்காரும் முறை முக்கியம். பெரியவர்கள் கமோடில் கால் தொங்க உட்கார்ந்த குழந்தை விழுந்துவிடுவோமோ என்று இடுப்புத் தசையை இறுக்கிக்கொள்ளும். இறுக்கினால் இரண்டு வாசலும் திறக்காது. காலுக்கு ஒரு பலகை வையுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயர வேண்டும். சின்ன உட்காரும் வளையம் போடுங்கள். ஜட்டியைக் கணுக்கால் வரை இறக்கித் தொடையை அகட்டச் சொல்லுங்கள். தொடையை ஒட்டி உட்கார்ந்தால் மூத்திரம் பிறப்புறுப்புக்குள் ஏறி நின்று, எழுந்து பத்து நிமிடத்தில் ஜட்டியில் இறங்கும். அந்த ஈரத்தால் சிவப்பு, அந்தச் சிவப்பால் எரிச்சல். கமோடில் திரும்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்காரவைத்தால் தொடை தானாக அகலும். குழந்தைகளுக்கு இது விளையாட்டாகவும் இருக்கும்.

சாப்பிட்ட பின் 5 நிமிடம், அவசரப்படுத்தாமல். மூத்திரத்துக்கு 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, வருகிறதோ இல்லையோ. 4 வயது முதல் 8 வயது வரை ஒரு நாளைக்கு 1000 முதல் 1400 மி.லி. வரை குடிக்க வேண்டும், அதில் பெரும்பகுதி பள்ளி நேரத்துக்குள். நம் பிள்ளைகள் காலையிலிருந்து ஒன்றும் குடிக்காமல் மூன்று மணிக்கு வந்து ஒரு லிட்டர் குளிர்பானம் குடிக்கிறார்கள். பள்ளிக் கழிப்பறை அழுக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால் நாள் முழுக்க அடக்கும் பெண்கள் நிறைய. வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதி, கேட்கும்போது அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிப் பையில் காகிதமும் ஒரு மாற்று ஜட்டியும் வையுங்கள்.

மலத்தை இளக்கும் மருந்தை ஒரு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். பெருத்த குடல் சுருங்க மாதங்கள் ஆகும்.

அறுவை அறை | 16 பிப்ரவரி, மதியம் 1:20

பையன்களுக்கு வருவோம். முதல் விஷயம் முன்தோல். குளிப்பாட்டும்போது தோலைப் பின்னுக்குத் தள்ளி எண்ணெய் விடுவது நம் வழக்கம். விட்டுவிடுங்கள். பிறக்கும்போது தோலும் மொட்டும் ஒட்டியே இருக்கும். அது நோய் இல்லை. வலிந்து பிரித்தால் வெடிக்கும், ஆறும்போது தழும்பு இறுகும், அப்போதுதான் உண்மையான அடைப்பு வருகிறது. இல்லாத நோயைக் கையால் உண்டாக்குவது அது.

வார்டு சிஸ்டர் | 16 பிப்ரவரி, மாலை 5:00

ஆமாம். 3 வயதுக்குள் 90 சதவீதப் பையன்களுக்குத் தானாகப் பின்னால் வந்துவிடும் என்று பயிற்சியில் சொல்வார்கள்.

அறுவை அறை | 16 பிப்ரவரி, மாலை 6:45

அந்த எண் 1949-ல் இங்கிலாந்தில் கெய்ர்ட்னர் எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டதால்தான் 4 வயதில் வரவில்லையே என்று பெற்றோர் பதறுகிறார்கள். 1968-ல் டென்மார்க்கில் ஓஸ்டர் பள்ளிப் பையன்களைப் பார்த்தார்: 6, 7 வயதில் 63 சதவீதத்தினருக்கு ஒட்டல் இருந்தது, 16, 17 வயதில் 3 சதவீதம். யாரும் கை வைக்காமலேயே பிரிந்தது. ஆகவே 7 வயதில் ஒட்டியிருந்தாலும், வலி இல்லை, தாரை நன்றாகப் போகிறது என்றால் கவலை இல்லை. ஒண்ணுக்குப் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்புவதும் தனியாக ஒரு ஆபத்து இல்லை. தோலடியில் வெள்ளை முத்துப் போலத் தெரிவது சீழ் அல்ல. உதிர்ந்த தோல் சேர்ந்தது, தானாக வெளிவரும்.

வர வேண்டியவை: நுனி வெளுத்துத் தடித்து மோதிரம் மாதிரி இறுகுவது, திரும்பத் திரும்பச் சீழ், மூத்திரத் தொற்று, தாரை நூலாக மெலிவது. சாதாரண இறுக்கத்துக்குக் கத்தி முதல் மருந்தல்ல. பீட்டாமெத்தசோன் களிம்பை இறுகிய வளையத்தில் மட்டும், நாளைக்கு இரண்டு முறை, 4 முதல் 8 வாரம். பெரும்பாலானவர்களுக்கு இளகிவிடும். களிம்பை நுனிக்கு வெளியே பூசிவிட்டுப் பலனில்லை என்பார்கள். தோலை வலிக்காத அளவு மட்டும் இழுத்து, வளையம் தெரிந்த இடத்தில் பூச வேண்டும்.

இந்த நாட்டில் 2005-ம் ஆண்டின் 38-ம் எண் குழந்தைகள் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே சுன்னத்து, மதக் காரணத்துக்கோ மருத்துவக் காரணத்துக்கோ மட்டும்தான். மருத்துவக் காரணம் என்றால் மருத்துவர் பரிந்துரை வேண்டும். மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் சுன்னத்து செய்யவே கூடாது. பின்னால் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல்தான் துணி.

சாட்ஸ்வர்த் தாத்தா | 17 பிப்ரவரி, காலை 9:10

பின்னால் போன தோல் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டால்?

அறுவை அறை | 17 பிப்ரவரி, காலை 9:50

அது அவசரம். மொட்டுக்குப் பின்னால் தோல் கழுத்துப் பட்டை மாதிரி இறுக்கி, மொட்டு வீங்கிக்கொண்டே போகும். வீட்டில் செய்யலாம்: குளிர்ந்த ஈரத் துணியால் வீக்கத்தை ஐந்து பத்து நிமிடம் கையால் பொத்தி நிதானமாக அழுத்துங்கள், வீக்கம் வடிந்தால் தோல் முன்னால் வரும். ஆஸ்பத்திரியில் சர்க்கரையைக் கனமாக மேலே கட்டுவதும் உண்டு. சர்க்கரை நீரை உறிஞ்சும். வீட்டில் ஒரு முறை முயன்று வராவிட்டால் கிளம்புங்கள். நிறம் கறுத்தால் முயலவே வேண்டாம்.

அறுவை அறை | 23 பிப்ரவரி, இரவு 11:30

விதை முறுக்கு. இதைத் தனியாக எழுதுகிறேன். இந்த இழையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

விதை தன் காம்பிலேயே திரும்பி இரத்தம் நின்றுபோவது. 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு அதிகம், பச்சிளம் சிசுவுக்கும் வரும். திடீர் வலி, வாந்தி, ஒரு பக்க விதை மேலே ஏறி குறுக்காக நிற்கும். பையன் வெட்கப்பட்டு வயிறு வலி என்று மட்டும் சொல்வான். வயிற்று வலி என்று வரும் ஒவ்வொரு பையனுக்கும் ஜட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வீட்டில் நீங்களும் கேளுங்கள்.

6 மணி நேரத்துக்குள் திறந்து திருப்பினால் பத்தில் ஒன்பது விதை பிழைக்கும். 12 மணியில் பாதி. 24 மணியில் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. இரவில் வலித்தால் காலை வரை காத்திருப்பது ஒரு விதையை இழக்கும் முடிவு. வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். சாப்பிட, குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். வண்டி இல்லையென்றால் ஆம்புலன்ஸ் எண் 10177, செல்போனில் 112. வாசலில் "விதை வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று நேரத்தோடு சொல்லுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் திறந்து பார்ப்பதே முறை. மற்றப் பக்கத்தையும் அதே நேரத்தில் தைத்துவிடுவோம், அதற்கும் அதே கோளாறு இருக்கக்கூடும்.

அறுவை அறை | 24 பிப்ரவரி, காலை 6:00

நேற்று எழுதியதில் ஒரு தெளிவு. 6 மணி நேரம் என்பது வலி ஆரம்பித்ததிலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல. விட்டு விட்டு வந்து தானாகப் போன வலியையும் தள்ளாதீர்கள், அரைகுறையாக முறுக்கித் திரும்பியதாக இருக்கலாம். அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.

வார்டு சிஸ்டர் | 2 மார்ச், இரவு 7:50

விதைப்பை வீக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். நீர் நிறைந்த வீக்கம் வலிக்காது. காலையில் சின்னதாகவும் சாயங்காலம் பெரிதாகவும் இருந்தால் வயிற்றோடு ஒரு சின்ன வழி திறந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் 2 வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். குடலிறக்கம் வேறு. தொடை இடுக்கில் அழும்போது புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். அது தானாக மூடாது, குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் அறுவைக்கு அனுப்ப வேண்டும். புடைப்பு கல்லாக நின்று, உள்ளே போகாமல், குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால் அன்றே, அந்த மணியே. அரைஞாண் கயிறு குடலை நிறுத்தாது, காசு வைத்துக் கட்டுவதும் நிறுத்தாது. அழகுக்குக் கட்டுங்கள். தளர்வாகக் கட்டுங்கள்.

டார்ச் வெளிச்சம் ஊடுருவினால் நீர்தான் என்று சிலர் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். கைக்குழந்தையின் குடலிலும் வெளிச்சம் ஊடுருவும். நம்பாதீர்கள்.

இறங்காத விதை: நிறைமாதத்தில் பிறந்த நூறு பையன்களில் சுமார் 3 பேருக்கு. 6 மாதம் வரை இறங்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு காத்திருக்க வேண்டாம். 6 மாதத்தில் அனுப்பி, 12 முதல் 18 மாதத்துக்குள் இறக்கித் தைக்க வேண்டும். வெதுவெதுப்பான குளியல் தொட்டியில் தானாகப் பைக்குள் வந்து தங்குகிறது, குளிரில் ஏறுகிறது என்றால் அது கூச்சப்படும் விதை. வருடத்துக்கொரு முறை பார்த்தால் போதும். பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் கையில் படவே இல்லை என்றால் 6 மாதக் கணக்கெல்லாம் பொருந்தாது. பிறந்த வார்டிலேயே சொல்ல வேண்டும்.

அறுவைக்கு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை என்று பலர் நேரே கிளம்புகிறார்கள். அது கடிதம் இருந்தால்தான் பார்க்கும் இடம். கிளினிக், பிறகு உங்கள் பகுதி ஆஸ்பத்திரி, அங்கிருந்து கடிதம்.

டோங்காட் வாசகர் | 22 ஏப்ரல், காலை 10:40

ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்கள். 9 வயதுப் பையனுக்கு ஒண்ணுக்குக் கடைசியில் ரத்தம். முந்தின நாள் குளித்ததாலா?

பரிசோதனை மேசை | 22 ஏப்ரல், மதியம் 12:15

கடைசியில் ரத்தம், குவாசுலு-நேட்டால் கரையோரம், ஆற்றுக் குளியல்: பில்ஹார்சியாவைத்தான் முதலில் தேட வேண்டும். ஆனால் நேற்றுக் குளித்ததால் அல்ல. தண்ணீரில் உள்ள நத்தையிலிருந்து வரும் புழுக்குஞ்சு தோல் வழியே ஏறி, வளர்ந்து, முட்டையிட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். இது பழைய குளியலின் கணக்கு. முட்டை மூத்திரப்பைச் சுவரைக் கீறி வெளிவருவதால் ரத்தம்.

இங்கே ஒரு தலைகீழ். முன்பு காலை முதல் சிறுநீர் என்றேன். பில்ஹார்சியாவுக்கு அது சரியல்ல. முட்டை அதிகம் இறங்குவது நண்பகல், 10 மணி முதல் 2 மணி வரை. பையனைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு, நடு நீரை அல்ல, கடைசித் துளி வரை முழுவதையும் பிடிக்கவும். மேசையில் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்ப்போம். ஒரு நாள் இல்லை என்று வந்தால் மூன்று நாள் பார்க்கலாம். மருந்து பிராசிகுவான்டல், கிலோவுக்கு 40 மி.கி., ஒரே வேளை, சாப்பாட்டோடு. எடையைப் பார்த்துக் கிளினிக்கில் கொடுப்பார்கள். குளித்த மற்றப் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

வார்டு சிஸ்டர் | 22 ஏப்ரல், இரவு 8:00

ரத்தம் என்றால் நிறம் கேளுங்கள். கடைசியில் சிவப்பு என்றால் மூத்திரப்பை. முழுவதும் தேநீர் நிறம், கோலா நிறம் என்றால் சிறுநீரகமே. கொசு கடித்துச் சொறிந்த புண், சிரங்கு ஆறி மூன்று வாரம் கழித்துக் காலையில் முகம் வீங்கி, மூத்திரம் குறைந்து கோலா நிறமானால் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அன்றைக்கே. பிறந்து சில நாளான குழந்தையின் நாப்பியில் செங்கல் தூள் மாதிரி கறை இருந்தால் அது ரத்தம் அல்ல, யூரேட் உப்பு. பால் போதுமான அளவு இறங்கினால் போய்விடும். பெண் சிசுவுக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம், வெள்ளைப்படுதல் அம்மாவின் ஹார்மோன் விலகுவதால் வருவது.

முகம் வீங்கியும் மூத்திரத்தில் ரத்தம் இல்லாமல் நுரை நிற்கிறது என்றால் அது புரதம் கசியும் நோய், நெஃப்ரோட்டிக். கண் அலர்ஜி என்று பல வாரம் சொட்டு மருந்து விடுகிறார்கள். டர்பனுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. குழந்தை மருத்துவப் பேராசிரியர் கூவாடியா போன்றவர்கள் 1970-களிலிருந்து இங்கே ஆராய்ந்ததில், இந்திய வம்சக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டுக்கு அடங்கும் வகை, கறுப்பினக் குழந்தைகளில் பலருக்கு ஹெபடைடிஸ் பி கிருமியோடு சேர்ந்த வேறு வகை என்று தெரிந்தது. 1995-ல் அந்தத் தடுப்பூசி அட்டவணைக்குள் வந்த பின் அந்த இரண்டாவது வகை குறைந்தது. நம் பிள்ளைகளின் வகை அடங்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் தினமும் காலை முதல் மூத்திரத்தில் குச்சி வைத்து நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது, வீக்கம் வரும் முன்பே கூப்பிடலாம். மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

பீனிக்ஸ் அம்மா | 3 மே, இரவு 9:00

பெரியவள், 7 வயசு, ராத்திரி பின்பக்கமும் முன்பக்கமும் அரிக்குது என்கிறாள். வெள்ளைப்படுது.

வார்டு சிஸ்டர் | 3 மே, இரவு 9:45

ராத்திரி அரிப்பு என்றால் கீரிப்பூச்சி. காலையில் கழுவும் முன் ஒட்டும் டேப்பை ஆசனவாயில் ஒற்றி எடுத்தால் முட்டை அதில் ஒட்டும். அல்லது தூங்கி ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால் வெள்ளை நூலாகத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் மருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி. மருந்து முட்டையைக் கொல்லாது, அதனால்தான் இரண்டாம் வேளை. நகத்தை வெட்டுங்கள், படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி வெந்நீரில் போடுங்கள்.

வெள்ளைப்படுவது நாற்றத்தோடும் ரத்தத்தோடும் இருந்தால் உள்ளே காகிதத் துண்டு மாதிரி ஏதாவது சிக்கியிருக்கலாம். இன்னொன்றையும் கேட்டாக வேண்டும், யாராவது தொட்டார்களா என்று. மிரட்டாமல், அழவைக்காமல், ஒரே முறை. உறுப்புகளின் பெயரைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த வீட்டில் குழந்தையால் பதில் சொல்ல முடியும். சந்தேகம் இருந்தால் கழுவாமல், உடை மாற்றாமல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கும், ஆஸ்பத்திரியின் துதுசேலா மையம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண், சைல்ட்லைன், 116. குடும்ப மானம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து கிளம்பிவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் தாத்தா | 14 ஜூன், காலை 8:20

8 வயசுப் பேரன் படுக்கையில் போகிறான். அடித்தும் நிற்கவில்லை.

வார்டு சிஸ்டர் | 14 ஜூன், காலை 9:30

அடிக்காதீர்கள் தாத்தா. தூக்கத்தில் நடப்பது அவன் கையில் இல்லை. 5 வயதில் நூற்றில் 15 பேர் நனைக்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் அவர்களில் ஏழில் ஒருவருக்குத் தானே நிற்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கும் முன் இரண்டு மணி நேரம் குறையட்டும். மேலே சொன்ன மலச்சிக்கலை முதலில் சரிசெய்யுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே குறையும்.

வார்டு சிஸ்டர் | 14 ஜூன், மாலை 4:10

காலையில் பாதி என்று எழுதியது அதிகம். நிறையப் பேருக்குக் குறையும் என்று படியுங்கள்.

ஈரம் பட்டதும் அடிக்கும் ஈர மணி வைத்தால் 2, 3 மாதம் பொறுமை வேண்டும். மணி அடித்ததும் பெரியவர் எழுந்து அவனை எழுப்பி நடத்திக் கூட்டிப்போக வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் அவன் மூளை கற்காது. தொடர்ந்து 14 இரவு உலர்ந்தால் நிறுத்தலாம். ராத்திரி மூத்திரத்தைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் மாத்திரை கொடுத்தால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து கொடுத்து 8 மணி நேரம் ஆகும் வரை தண்ணீர் கூடாது. மீறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று கொடுத்துவிட்டு அங்கே ஜூஸ் குடிக்கவிடாதீர்கள்.

ஆறு மாதம் உலர்ந்திருந்தவன் திடீரென்று மறுபடி நனைத்து, தண்ணீராகக் குடித்து, மெலிந்தால் சர்க்கரை நோய். அன்றே விரல் குத்திப் பார்க்க வேண்டும்.

டோங்காட் வாசகர் | 6 ஜூலை, மாலை 5:55

பேண்ட் ஜிப்பில் தோல் மாட்டிக்கொண்டது. இப்போது. என்ன செய்ய?

அறுவை அறை | 6 ஜூலை, மாலை 5:58

ஜிப்பை மேலேயோ கீழேயோ இழுக்காதீர்கள். சமையல் எண்ணெய் ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். தோல் ஜிப்பின் பற்களுக்கு நடுவில் மட்டும் என்றால் கீழேயுள்ள துணியைக் கத்தரித்தால் பற்கள் தானாகப் பிரியும். ஓடும் பகுதிக்குள் மாட்டியிருந்தால், அதன் முன்தகட்டையும் பின்தகட்டையும் இணைக்கும் சின்னப் பாலத்தைக் கம்பி வெட்டும் குறடால் வெட்ட வேண்டும், ஜிப் இரண்டாக விழும். பையன் துள்ளினால் வீட்டில் வெட்டாதீர்கள். பேண்டைச் சுற்றிக் கத்தரித்துவிட்டு ஜிப்போடு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், மரத்துப்போகும் மருந்து போட்டு எடுப்பார்கள்.

டோங்காட் வாசகர் | 6 ஜூலை, மாலை 6:21

எண்ணெயில் வந்துவிட்டது. லேசான கீறல்.

அறுவை அறை | 6 ஜூலை, மாலை 6:24

தண்ணீரில் கழுவி வாசலின் போடுங்கள். தாரை வழக்கம்போல் போகிறதா என்று அடுத்த முறை பாருங்கள். வீங்கி ஒண்ணுக்கு நின்றால் கொண்டு வாருங்கள். ஜட்டி போடாமல் ஜிப் பேண்ட் வேண்டாம்.